அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்று இடங்களைக் காத்தல்: உள்ளூர்த் திட்டமிடலில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு பழைய கட்டடத்தின் வாசலில் ‘தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது’ என்னும் வெண்கலப் பலகையைக் கண்டவுடன், அக்கட்டடத்தை இனி எவரும் தொட முடியாது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவான அந்தப் பதிவேடு, ஓர் இடத்துக்கு வரலாற்று மதிப்பு உண்டென்று அறிவிக்கிறது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த திட்டம் ஒன்று அந்த இடத்தைப் பாதிக்குமானால், அதற்கு முன் ஓர் ஆய்வு நடக்க வேண்டும் என்கிறது. உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடிக்க முனைந்தால் அந்தப் பலகை அவரைத் தடுக்காது. டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில், உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற மக்கள் கட்டியெழுப்பிய ஃப்ரீட்மென்ஸ் டவுன் என்னும் குடியிருப்பு 1985-இல் பதிவேட்டில் ஏறியது. அன்று அங்கே 500-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் நின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை.

ஒரு கட்டடம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் உள்ளூர் விதிப்புத்தகத்தில்தான் தீர்மானமாகிறது: எந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு, இடிக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று நகர மன்றமோ கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) மன்றமோ எழுதி வைக்கும் அந்த நிலப் பயன்பாட்டு விதிகளில். அமெரிக்க ஊரொன்றில் குடியேறி, அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்களின் வரலாற்று இடங்களைக் காக்கும் பணியில் கைகொடுக்க விரும்புவோரையும், நகரத் திட்டமிடலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியிருப்போரையும் மனத்தில் வைத்து, அந்த விதிப்புத்தகத்தை நோக்கிச் செல்லும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எஞ்சியிருக்கும் இடங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின் போடப்பட்ட பெருஞ்சாலைகள், செயின்ட் பால் நகரின் ரோண்டோ, மயாமியின் ஓவர்டவுன், நியூ ஆர்லியன்ஸின் கிளெய்போர்ன் அவென்யூ எனக் கறுப்பின மக்களின் கடைவீதிகளையும் வீடுகளையும் பிளந்துகொண்டு சென்றன. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் நடந்த இடிப்புகள் மிச்சத்தில் பெரும்பகுதியைத் துடைத்தன. தப்பிப் பிழைத்தவையும் பதிவேட்டில் எளிதாக ஏறவில்லை. பதிவேட்டின் 95,000-க்கும் மேற்பட்ட பதிவுகளில் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்பவை சுமார் 2 விழுக்காடு என்பது தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் மதிப்பீடு.

முதற்படி: யாருடைய இடம் என்று கேட்பது

காமிராவோடும் குறிப்பேட்டோடும் தெருவில் இறங்குவதற்கு முன், அந்த இடத்தோடு இரத்த உறவும் வாழ்ந்த உறவும் உள்ளவர்கள் யார் என்று தேடிச் செல்லுங்கள். வழித்தோன்றல் குடும்பங்கள், தேவாலயத்தின் அறங்காவலர்கள், ஈமச்சடங்கு நிலையம் நடத்துவோர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், தெருமுனை முடிதிருத்தகத்தில் நாற்பது ஆண்டுகளாக இருப்பவர் ஆகியோரைக் கேட்டால் பெரும்பாலான ஊர்களில் வழி தெரிந்துவிடும். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையும் பாப்டிஸ்ட் சபைகளும் பல ஊர்களில் கறுப்பின மக்கள் முதன்முதலில் சொந்தமாக்கிக்கொண்ட நிலத்தில் எழுந்தவை. அவற்றின் ஆண்டு விழா மலர்களில் ஊரின் வரலாறு பாதி அடங்கியிருக்கும்.

சந்திக்கும்போது உங்கள் திட்டத்தை விளக்கத் தொடங்காதீர்கள். அவர்கள் எதைக் காக்க விரும்புகிறார்கள், எது போனாலும் பரவாயில்லை, எதை வெளியாருக்குச் சொல்ல விரும்பவில்லை என்பதைக் கேளுங்கள். கட்டடக்கலை படித்தவரின் கண்ணுக்கு அழகான மாளிகை முதலில் படும். அங்கே வாழ்ந்தவர்களுக்கோ, ஓட்டுரிமைக்காகக் கூடிப் பேசிய அழகுநிலையமோ ஞானஸ்நானம் பெற்ற ஓடைக்கரையோ முதன்மையாக இருக்கலாம். எந்த இடத்தை முதலில் எடுப்பது என்ற முடிவை அவர்கள் எடுக்க வேண்டும். குழு அமைந்தால் தலைமையும் கையெழுத்தும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வீர்களானால், பதிவின் பிரதி யாரிடம் இருக்கும், யார் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே பதிவுக் கருவியை இயக்குங்கள்.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த வீக்ஸ்வில் என்ற ஊரின் கதை இதற்கு நல்ல சான்று. 1838-இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்பவர் வாங்கிய நிலத்தைச் சுற்றி வளர்ந்த அந்தச் சுதந்திரக் கறுப்பினக் குடியிருப்பு, நூறாண்டு கழித்து வரைபடத்திலிருந்தே மறைந்திருந்தது. 1968-இல் ஜேம்ஸ் ஹர்லி என்ற ஆய்வாளரும் ஜோசப் ஹேன்ஸ் என்ற விமானியும் வானிலிருந்து பார்த்து, பழைய ஹண்டர்ஃப்ளை சாலையையும் அதன் ஓரத்து மர வீடுகளையும் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த வீடுகள் 1970-இல் நகரின் பாதுகாப்புச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டதும், பின்னர் அருங்காட்சியகமாக நிலைத்ததும், அப்பகுதி மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஜோன் மேனார்டு என்ற அம்மையாரின் தலைமையில் பல்லாண்டு விடாது நின்றதால்தான்.

இரண்டாம் படி: ஆவணங்கள்

உரையாடலில் கிடைத்ததை ஏடுகளோடு ஒப்பிடும் வேலை அடுத்து வருகிறது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரையும் பெயர் சொல்லிக் குறித்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1870-ஆம் ஆண்டுடையது. அதற்கு முன் 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் வயதும் பாலினமும் நிறமும் மட்டும் இருக்கும், பெயர் உடைமையாளருடையது. இந்த இடைவெளியை நிரப்ப, 1865-இல் நிறுவப்பட்ட விடுதலை பெற்றோர் நலப் பணியகத்தின் ஏடுகளும், அதே ஆண்டில் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவுகளும் உதவும். ஒவ்வொரு கட்டடத்தின் பரப்பையும் கட்டுமானப் பொருளையும் நிறம் பூசிக் காட்டும் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களைக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தென் மாநில நகரங்களின் பழைய முகவரிக் கையேடுகளில் கறுப்பினத்தவரின் பெயருக்குப் பக்கத்தில், ‘கலர்டு’ (நிறத்தவர்) என்பதன் முதலெழுத்தான ‘சி’ என்ற எழுத்தோ விண்மீன் குறியோ இருக்கும். அவமதிக்கப் போடப்பட்ட அந்தக் குறி, எந்தத் தெருவில் எந்தக் கடை யாருடையது என்பதை இன்று நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

அரசு ஏடுகளைவிடச் செறிவான ஆவணம் ஒன்று வீட்டு அலமாரிகளில் கிடைக்கும். கறுப்பினத் தேவாலயங்களில் இறுதிச் சடங்குக்கென்று அச்சிடப்படும் மடிப்பேட்டில் மறைந்தவரின் பிறந்த ஊர், பெற்றோர், படித்த பள்ளி, வேலை பார்த்த இடம், சேர்ந்திருந்த சங்கம், அடக்கம் செய்யப்படும் இடுகாடு, சவப்பெட்டியைச் சுமப்போர் பெயர் வரை இருக்கும். ஐம்பது குடும்பங்கள் அப்படி வைத்திருக்கும் மடிப்பேடுகளை வாங்கி, பிரதி எடுத்து, அன்றே திருப்பிக் கொடுத்தால், எந்த அரசு ஆவணத்திலும் இல்லாத ஒரு வரைபடம் உங்கள் கையில் சேர்ந்துவிடும்.

பள்ளிகளையும் மறக்க வேண்டாம். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், 1912 முதல் 1932 வரை தெற்கு மாநிலங்கள் பதினைந்தில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்டு கொடுத்தது 43 இலட்சம் டாலர் அளவு. பருத்தி விற்றும் கோழி விற்றும் உழைப்பைக் கொடுத்தும் அந்தக் கிராமத்துக் கறுப்பின மக்கள் திரட்டியது 47 இலட்சம் டாலருக்கும் மேல். மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக வரையப்பட்டதால், வரிசையாக உயரமான சன்னல்கள் கொண்ட சுவர்கள் இப்பள்ளிகளின் அடையாளம். சுமார் 500 கட்டடங்களே எஞ்சியுள்ளன. உங்கள் கவுண்டியில் வைக்கோல் அடைக்கும் கொட்டகையாக மாறிப்போன ஒன்று இருக்கக்கூடும். அந்தச் சன்னல் வரிசையைத் தேடுங்கள்.

இடுகாடுகளுக்குத் தனிக் கவனம்

இடுகாட்டை நான் தனியே பேசுவதற்குக் காரணம் உண்டு. இடிந்த வீட்டைப் பற்றி எழுதி வைக்கலாம்; கலைக்கப்பட்ட கல்லறைக்கு ஈடு எதுவும் கிடையாது. 1991-இல் நியூயார்க் நகரின் கீழ் மன்ஹாட்டனில் மத்திய அரசின் அலுவலகக் கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் ஆப்பிரிக்க இடுகாடு வெளிப்பட்டது. பழைய வரைபடங்களில் அந்த இடுகாடு குறிக்கப்பட்டே இருந்தது. பிற்காலக் கட்டடங்களின் அடித்தளங்கள் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்று கருதி வேலையைத் தொடங்கினார்கள். தடித்த மண்மேட்டுக்கு அடியில் கல்லறைகள் அப்படியே இருந்தன. மக்களின் கடும் போராட்டத்துக்குப் பிறகே தோண்டுதல் நின்றது; 419 பேரின் எச்சங்கள் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டு, 2003 அக்டோபரில் மீண்டும் அதே மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன. 2006-இல் அவ்விடம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2018-இல் டெக்சஸின் ஷுகர் லேண்டில் பள்ளிக் கட்டட வேலையின்போது, கட்டாய வேலைக்காகத் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்ட கறுப்பினக் கைதிகள் 95 பேரின் கல்லறைகள் கிடைத்தன. 2019-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில், குடியிருப்புக்கும் கடைகளுக்கும் அடியில் சயன் இடுகாடு இருப்பது தெரியவந்தது.

கைவிடப்பட்ட இடுகாட்டைக் கண்டறியப் பிந்திய குளிர்காலமே ஏற்ற பருவம். இலை உதிர்ந்து, பாம்பும் உண்ணியும் குறைந்திருக்கும். கல்லறைக் கல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிழக்கு மேற்காக நீண்ட, சற்றே உள்வாங்கிய குழிகள் வரிசையாக இருக்கும். காட்டுக்குள் திடீரென்று பசுமையாகப் படர்ந்த நித்தியகல்யாணி இனக் கொடி, ஊசிமுனை இலைகளோடு நிற்கும் யக்கா, முதிர்ந்த செடார் மரம் ஆகியவை அங்கே யாரோ நட்டவை. தலைப்பக்கம் செதுக்காத கல், கடற்சிப்பி, உடைந்த பீங்கான் தட்டு, நின்றுபோன கடிகாரம், ஈமச்சடங்கு நிலையம் நட்டுவைத்த சிறிய தகரச் சட்டம் ஆகிய எது கிடந்தாலும் அதைக் கையால் எடுக்காதீர்கள். பார்ப்பவருக்குக் குப்பையாகத் தெரியும் அந்தப் பீங்கான் துண்டு, இறந்தவர் கடைசியாகப் பயன்படுத்திய பாத்திரமாகக் குடும்பத்தார் வைத்த காணிக்கையாக இருக்கலாம். புகைப்படம் எடுத்து, இருப்பிடத்தின் ஆயத்தொலைவைக் குறித்து, மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் கவுண்டித் திட்டத்துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தரையை ஊடுருவும் ரேடார் கொண்டு பார்க்கும் ஆய்வைத் தோண்டாமலே செய்யலாம்.

திட்டமிடல் என்ற நோக்கில் இங்கே கேட்க வேண்டிய கோரிக்கை மிக எளியது. தெரிந்த, சந்தேகத்துக்குரிய எல்லா இடுகாடுகளும் கவுண்டியின் நிலவரைபடத்தில் ஒரு தனி அடுக்காகச் சேர வேண்டும். அந்த எல்லைக்குள் மண்ணைக் கிளறும் எந்த விண்ணப்பம் வந்தாலும் அனுமதி தரும் எழுத்தரின் திரையில் எச்சரிக்கை தோன்ற வேண்டும். ஆழ்ந்த தீய நோக்கத்தால் அழிந்த இடுகாடுகளும் உண்டு. எழுத்தருக்குத் தெரியாததால் அழிந்தவையும் ஏராளம். 2022 டிசம்பரில் நிறைவேறிய கறுப்பின இடுகாட்டுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய கண்டறிதலுக்கும் பராமரிப்புக்கும் தேசியப் பூங்காத் துறையின் வழியே மானியத் திட்டம் ஒன்றை அமைத்திருக்கிறது.

மூன்றாம் படி: விதிப்புத்தகத்தைப் படிப்பது

இதுதான் பலரும் தாண்டிப் போகும் படி. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானதும் இதுவே. உங்கள் நகரத்தின் அல்லது கவுண்டியின் முழுமைத் திட்டம் (ஊர் இனி எப்படி வளர வேண்டும் என்று வகுத்துவைத்த ஆவணம்), நில மண்டல வரைபடம், மண்டல விதிகள், வரலாற்றுப் பாதுகாப்பு விதி இருந்தால் அது ஆகிய நான்கையும் பதிவிறக்கம் செய்து, காக்க வேண்டிய இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒற்றை மாடி மர வீடுகள் நிற்கும் தெருவில் ஆறு மாடிவரை அனுமதி என்று விதி சொல்லுமானால், அந்த வீடுகளின் விலை இடிப்பதற்கான விலையாக ஏற்கெனவே மாறிவிட்டது என்று பொருள்.

நல்ல விதி எப்படி இருக்கும் என்பதற்குத் தெற்குக் கரோலினாவின் பியூஃபர்ட் கவுண்டியிலுள்ள செயின்ட் ஹெலினா தீவைப் பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் மொழியும் உணவும் வலை பின்னும் கலையும் கலையாமல் வாழும் கல்லா கீச்சி மக்களின் ஊர் அது. விடுதலை பெற்றவர்களுக்காக 1862-இல் தொடங்கிய பென் பள்ளி அங்கேதான் இருக்கிறது. அடிமைக் காலத்தில் தோட்டந்தோறும் கட்டப்பட்ட ‘பிரெய்ஸ் ஹவுஸ்’ என்னும் சிறு துதிமனைகளின் வழிவந்த சில மரக்கட்டடங்களும் அங்கே நிற்கின்றன. சில பெஞ்சுகள் போட்டால் நிரம்பிவிடும் அளவே அவை. அருகிலுள்ள ஹில்டன் ஹெட் தீவில் 1956-இல் பாலம் வந்தபின் கோல்ஃப் மைதானங்களும் வேலியிட்ட குடியிருப்புகளும் பெருகி, கல்லா குடும்பங்கள் தங்கள் முன்னோரின் இடுகாட்டுக்குப் போகக் காவலாளியின் வாயிலைக் கடக்க வேண்டிய நிலை வந்தது. அதைக் கண்ணெதிரே பார்த்த செயின்ட் ஹெலினா மக்களின் வற்புறுத்தலால், 1999-இல் கவுண்டி மன்றம் பண்பாட்டுப் பாதுகாப்பு மேலடுக்கு மண்டலம் ஒன்றை இயற்றியது. வழக்கமான மண்டல விதிகளின் மேல் இன்னோர் அடுக்காக அமர்ந்து, தீவில் மூன்றை மட்டும் அது தடுக்கிறது: கோல்ஃப் மைதானம், உல்லாச விடுதி, வெளியார் நுழைய முடியாத வேலியிட்ட குடியிருப்பு.

அந்த விதியில் ஒரு கட்டடத்தின் பெயர்கூட முதன்மையாக இல்லை என்பதைக் கவனியுங்கள். சன்னலின் அளவையோ ஓட்டின் நிறத்தையோ அது பேசவில்லை. ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்திலும் ஆற்றங்கரையிலும் தொடர்ந்து வாழ எது இடையூறாகுமோ அதைப் பெயர் சொல்லித் தடுத்தது. 2023-இல் பைன் தீவு என்ற பகுதியில் கோல்ஃப் மைதானம் அமைக்க விலக்குக் கேட்கப்பட்டபோது, மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து பேசினார்கள். கவுண்டி மன்றம் விதியைத் தளர்த்த மறுத்ததோடு, அதன் வாசகத்தை இன்னும் இறுக்கியது.

இதற்கு மாறான பாடத்தை ஜார்ஜியாவின் சாப்பலோ தீவு தருகிறது. அங்குள்ள ஹாக் ஹம்மக் குடியிருப்பு 1996 முதல் தேசியப் பதிவேட்டில் இருக்கிறது. இருந்தும், 2023 செப்டம்பரில் மெக்கின்டாஷ் கவுண்டி அங்கே கட்டக்கூடிய வீட்டின் உச்ச அளவை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 சதுர அடியாக உயர்த்தியது. பெரிய வீடுகள் வந்தால் நில மதிப்பும் சொத்து வரியும் ஏறி, பழைய குடும்பங்கள் வெளியேற நேரும் என்பதே அம்மக்களின் அச்சம். வாக்கெடுப்பு கோரி அவர்கள் நீதிமன்றம்வரை போக வேண்டியதாயிற்று. 2025-இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

உங்கள் ஊருக்கு ஏற்ற கருவி எது என்பது ஊரைப் பொறுத்தது. வரலாற்று மாவட்டமாக அறிவித்தால் வெளித்தோற்ற மாற்றத்துக்கும் இடிப்புக்கும் ஊரின் வரலாற்றுப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வயதான வீட்டுக்காரர் ஒருவர் ஒழுகும் கூரையை மாற்றக்கூட விலையுயர்ந்த பொருள் வாங்க நேருமானால் அந்த விதி அவருக்கு எதிரியாகிவிடும். அத்தகைய தெருக்களுக்கு, இடிப்பையும் அளவுமீறிய புதுக்கட்டடத்தையும் மட்டும் கட்டுப்படுத்தும் எளிய பாதுகாப்பு மண்டலம் பொருந்தும். இடிப்பு அனுமதியைச் சில மாதம் நிறுத்திவைக்கும் விதி, பேச்சுவார்த்தைக்குக் காலம் தரும், அதற்கு மேல் தராது. விதி எழுதும்போது இன்னொன்றையும் வற்புறுத்துங்கள்: பழைய மரச்சுவரின் மேல் வினைல் பலகை அடித்திருப்பதாலோ தாழ்வாரத்தை மூடியிருப்பதாலோ ஒரு வீடு ‘மூலத்தன்மை இழந்தது’ என்று தள்ளப்படக் கூடாது. கடன் மறுக்கப்பட்ட தெருக்களில் மக்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு வீட்டைப் பழுதுபார்த்தார்கள்; அதுவும் அவ்வீட்டின் வரலாறே.

நான்காம் படி: பத்திரமும் பாகப்பிரிவினையும்

விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், நிலத்தின் பத்திரம் தெளிவாக இல்லையென்றால் குடும்பமே நிலத்தை இழக்கும். தென் மாநிலங்களில் பல கறுப்பினக் குடும்பங்களின் நிலம் உயிலின்றித் தலைமுறை தலைமுறையாக இறங்கி, பெயர் மாற்றப்படாமல், அறுபது எழுபது பேருக்குக் கூட்டுச் சொத்தாகக் கிடக்கிறது. தொலைவில் இருக்கும் ஒரு பங்காளியிடம் சிறு பங்கை வாங்கும் நில வணிகர், பாகப்பிரிவினை வழக்குப் போட்டு முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும். கூட்டுப் பட்டாவின் சிக்கலை வீட்டில் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வாக 2010-இல் வரையப்பட்ட வாரிசுச் சொத்துப் பிரிவினை மாதிரிச் சட்டத்தைப் பல மாநிலங்கள் ஏற்றுள்ளன. அதன்படி, மற்ற பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் வாய்ப்பும், நேர்மையான மதிப்பீடும் தரப்பட வேண்டும். தெற்குக் கரோலினா 2016-இல் அச்சட்டத்தை ஏற்றபோது, முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட போதகரும் மாநில செனட்டருமான கிளெமெண்டா பிங்க்னியின் பெயரை அதற்குச் சூட்டியது. நீங்கள் செய்யக்கூடியது, சட்ட உதவி மையம் ஒன்றைத் தேவாலயத்துக்கு அழைத்துவந்து, உயில் எழுதவும் குடும்ப மரம் வரையவும் ஒரு சனிக்கிழமை முகாம் நடத்துவது. சார்ல்ஸ்டனிலுள்ள வாரிசுச் சொத்துப் பாதுகாப்பு மையம் 2005 முதல் இந்தப் பணியைச் செய்கிறது.

உரிமையாளர் ஒப்புக்கொண்டால், இடத்தை என்றென்றைக்கும் இடிக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் பாதுகாப்பு ஒப்பந்தமும் உண்டு. வடக்குக் கரோலினாவின் டிரையனில் பாடகி நீனா சிமோன் பிறந்த மூன்றறை வீட்டை 2017-இல் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கினார்கள். 2020-இல் அவ்வீட்டுக்கு அத்தகைய ஒப்பந்தம் செய்யப்பட்டது.

ஐந்தாம் படி: கூட்டத்துக்குப் போவது

திட்டக் குழுவின் நிகழ்ச்சிநிரல் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே வெளியாகும். அதில் ‘மண்டல மாற்றம்’, ‘விலக்கு’, ‘முழுமைத் திட்டத் திருத்தம்’ என்ற சொற்கள் வரும் இடங்களைப் பாருங்கள். அதனுடன் வரும் அலுவலர் அறிக்கையை முழுதும் படியுங்கள். முடிவு பெரும்பாலும் அந்த அறிக்கையைச் சார்ந்தே அமையும். கருத்துக் கேட்பில் ஒருவருக்குப் பொதுவாக மூன்று நிமிடம் கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்தில் உணர்வை மட்டும் கொட்டினால் மன்றத்தினர் அனுதாபப்பட்டு எதிராக வாக்களிக்க இடமுண்டு. முழுமைத் திட்டத்தின் இந்தப் பக்கத்தில் இந்த வாக்குறுதி இருக்கிறது, இந்த விண்ணப்பம் அதற்கு முரணானது என்று சுட்டுங்கள். அது நீதிமன்றத்திலும் நிற்கும். பேசுவதை எழுத்திலும் கொடுத்துப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியிலிருந்து வந்தவரானால், உங்கள் மூன்று நிமிடத்தைத் தரவுக்குப் பயன்படுத்தி, அந்த இடத்தின் கதையைச் சொல்ல அதன் மக்களுக்கு வழிவிடுங்கள். மூதாட்டிகளைக் காரில் அழைத்துவருவதும் திரும்பக் கொண்டுவிடுவதும் அன்றைய தினத்தில் எந்த உரையையும் விடப் பயனுள்ள உதவி.

ஃபுளோரிடாவின் ஈட்டன்வில் இதில் தேர்ந்த ஊர். கறுப்பின மக்கள் 1887-இல் தாங்களே நகராட்சியாகப் பதிவு செய்துகொண்ட ஊர் அது. எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் வளர்ந்த இடம். 1987-இல் ஊரின் நடுவே செல்லும் கென்னடி சாலையை ஐந்து வழித்தடமாக அகலப்படுத்தக் கவுண்டி திட்டமிட்டபோது, ஊர்க்காரர்கள் பாதுகாப்புச் சங்கம் அமைத்து அதை எதிர்த்தார்கள். 1990 முதல் ஹர்ஸ்டன் பெயரில் விழா நடத்தி, ஊரின் பெயரை நாடறியச் செய்தார்கள். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 2023 தொடக்கத்தில், ஊரின் பழைய ஹங்கர்ஃபோர்டு பள்ளி இருந்த சுமார் 100 ஏக்கர் நிலத்தைக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கும் முயற்சி வந்தது. நகர மன்றம் நிலப் பயன்பாட்டு மாற்றத்தை நிராகரித்தது. சில வாரங்களில் விற்பனை கைவிடப்பட்டது. நிலம் நகரத்துக்குச் சொந்தமில்லை. மண்டலத்தை மாற்றும் அதிகாரம் நகரத்திடம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

மத்திய அரசின் பணம் கலந்த சாலை, பாலம், வீட்டுவசதித் திட்டம் என்றால், 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி கலந்தாலோசனை நடக்க வேண்டும். உங்கள் குழுவைக் கலந்தாலோசனைத் தரப்பாகச் சேர்க்கும்படி அந்த அரசுத்துறைக்கு ஒரு கடிதம் எழுதினால், ஆவணங்கள் உங்களுக்கு வரத் தொடங்கும். கடிதத்தைத் தாமதிக்க வேண்டாம்.

வரி, வாடகை, நிதி

காப்பாற்றிய தெருவில் அங்கே வாழ்ந்தவர்கள் எவரும் இல்லாமற்போவது பலமுறை நடந்திருக்கிறது. ஆகவே பாதுகாப்பு விதியைக் கேட்கும் அதே மனுவில், நீண்டநாள் குடியிருப்போருக்குச் சொத்து வரி உயர்வு வரம்பையும் பழுதுபார்ப்பு மானியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அட்லாண்டாவின் ஸ்வீட் ஆபர்ன் பகுதியில், மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளை, குடியிருப்போரை அகற்றாமல் செப்பனிட 1980-இல் கொரெட்டா ஸ்காட் கிங் உள்ளிட்டோர் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிலம் ஒரு சமூக அறக்கட்டளையிடமும் வீடு குடும்பத்திடமும் இருக்கும் முறையும் உண்டு. 1969-இல் ஜார்ஜியாவில் சார்ல்ஸ் ஷெராடும் தோழர்களும் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ் அதன் முன்னோடி.

நிதிக்கு, 2017-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை தொடங்கிய கறுப்பினப் பண்பாட்டு மரபு நிதியும், தேசியப் பூங்காத் துறையின் குடிமை உரிமை மானியமும் முதலில் பார்க்க வேண்டியவை. வருமானம் ஈட்டும் பழைய கட்டடத்தைச் செப்பனிட்டால் செலவில் 20 விழுக்காடு மத்திய வரிச் சலுகை உண்டு; சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. உங்கள் நகரம் ‘சான்று பெற்ற உள்ளாட்சி’யாக, அதாவது அதன் வரலாற்றுப் பாதுகாப்பு ஏற்பாடுகளை மாநிலமும் மத்திய அரசும் சான்றளித்து ஏற்ற ஊராக இருந்தால், மாநிலத்துக்கு வரும் வரலாற்றுப் பாதுகாப்பு நிதியில் குறைந்தது 10 விழுக்காடு அத்தகைய ஊர்களுக்கே போக வேண்டும் என்பது விதி. தெருவாரியான கணக்கெடுப்புக்கு அந்தப் பணம் ஏற்றது.

விதி நிறைவேறிய பிறகு

சாப்பலோவில் நடந்ததைப் போல, எழுதிய விதியை இன்னொரு மன்றம் திருத்தலாம். எனவே குழுவில் ஒருவர் மாதந்தோறும் நிகழ்ச்சிநிரலையும், இன்னொருவர் வாரந்தோறும் இடிப்பு அனுமதிப் பட்டியலையும் பார்க்கும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். முழுமைத் திட்டம் மறு ஆய்வுக்கு வரும் ஆண்டைக் குறித்துவைத்து, அதற்கு ஓராண்டு முன்பே தேவாலயங்களைக் கூட்டுங்கள். வரலாற்றுப் பாதுகாப்புக் குழுவிலும் திட்டக் குழுவிலும் பதவிக்காலம் முடியும் இருக்கைகளின் பட்டியல் நகர எழுத்தரிடம் கேட்டால் கிடைக்கும். அந்த இருக்கைக்கு வழித்தோன்றல் குடும்பம் ஒன்றிலிருந்து ஒருவரை விண்ணப்பிக்கச் சொல்லி, படிவத்தை நிரப்பவும் பரிந்துரைக் கடிதம் பெறவும் உடனிருந்து உதவுங்கள். நியமன நாளன்று மன்றத்தில் அவருக்காகப் பேச ஆட்களைத் திரட்டுங்கள்.